எண்ணெய்ப் புட்டிக்குள் என்ன இருக்கிறது?

அக்காவின் பேரனுக்கு அப்போது ஐந்து மாதம். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து சொரசொரப்பாக இருந்ததைப் பார்த்து, கரப்பான் என்று சொல்லி, ஊரிலிருந்து ஒரு புட்டி எண்ணெய் வந்தது. பச்சை நிறம், நல்ல வாசனை. மூன்று நாள் தேய்த்துக் குளிப்பாட்டினோம். நான்காம் நாள் காலையில் குழந்தையின் முதுகு முழுக்கத் தடித்து நீர் கசிந்தது. தோல் மருத்துவர் பிள்ளையைப் பார்த்து முடித்ததும் புட்டியைக் கையில் வாங்கி முகர்ந்தார். "இதுல என்னென்ன போட்டிருக்கீங்கம்மா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். ஊருக்குப் போன் போட்டோம். காய்ச்சிக் கொடுத்தவருக்கே பாதிதான் நினைவிருந்தது: தேங்காயெண்ணெய், குப்பைமேனி, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை, கொஞ்சம் பூங்கற்பூரம். மொத்தம் பதினோரு சாமான் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

குழந்தை பத்து நாளில் தேறிவிட்டான். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அதன் பிறகு தோலைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எண்ணெய் காய்ச்சுகிற பெண்களின் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெளிவான முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதற்கும் சிவக்கிற, எதற்கும் அரிக்கிற தோலுக்கு வீட்டு எண்ணெய் உதவும். ஆனால் அதில் எத்தனை பொருள் கூடுகிறதோ அத்தனை ஆபத்தும் கூடுகிறது.

தோலின் மேலடுக்கு உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான். ஆராய்ச்சியாளர்கள் அதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவார்கள். இறந்து தட்டையான செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே உள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. சாந்து கெட்டியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது, வெளியே இருக்கும் தூசும் சோப்பும் கிருமியும் உள்ளே போகாது. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் எளிதாக வருகிறது என்று காட்டினார்கள். அதுவரை 'இரத்தத்தில் சூடு', 'உள்ளே கெட்ட நீர்' என்று பேசப்பட்ட நோயில் சுவரின் பங்கு எவ்வளவு பெரிது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. மென்மையான தோல் என்பது சாந்து உதிர்ந்த சுவர். அதன்மேல் எதைப் பூசினாலும் மேலேயே நின்றுவிடாது, உள்ளேயும் இறங்கும். நல்லதும் இறங்கும், கெட்டதும் இறங்கும்.

ஆகவே முதல் கேள்வி, எந்த எண்ணெய் சாந்தைக் காக்கிறது, எது கரைக்கிறது என்பது. பலருக்கு வியப்பாக இருக்கும்: ஆலிவ் எண்ணெய் இதில் தேறவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பச்சைக் குழந்தைக்கென்று ஆசையாக வாங்கி வருகிற எண்ணெய் அது. 2013இல் வெளியான ஷெஃபீல்டு ஆய்வில் 19 பெரியவர்களின் முன்கையில் சில வாரங்கள் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். ஆலிவ் தடவிய இடத்தில் மேலடுக்கு பலவீனப்பட்டு லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி தடவிய இடம் கெடவில்லை. காரணம் கொழுப்பு அமிலத்தில் இருக்கிறது. ஆலிவில் மிகுந்துள்ள ஓலிக் அமிலம் சாந்தின் அடுக்கைக் குலைக்கும். சூரியகாந்தியில் மிகுந்துள்ள லினோலிக் அமிலமோ செராமைடு உண்டாகத் தேவையான பொருள். ஆனால் சூரியகாந்தியிலேயே ஓலிக் மிகுந்த ரகமும் கடைக்கு வருகிறது. பாக்கெட்டில் அப்படிப் போட்டிருந்தால் அதை வைத்துவிட்டுச் சாதாரண வகையை எடுங்கள்.

சூரியகாந்தி எண்ணெய்க்கு இன்னொரு பெரிய சான்று டாக்காவிலிருந்து கிடைத்தது. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் உடம்பில் அதை மெல்லத் தடவினார்கள். தடவாத சிசுக்களோடு ஒப்பிட, மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய்கள் 41 சதவீதம் குறைந்தன. 2005இல் இந்த முடிவு வெளிவந்தது. இறப்பும் குறைந்ததென்று 2008இல் அதே குழு எழுதியது. சமையலறையில் வடை பொரிக்கிற எண்ணெய் ஓர் உயிரைக் காக்கும் என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2022இல் குறைமாதக் குழந்தைகளுக்கு எண்ணெய் தடவுவதைப் பரிசீலிக்கலாம் என்று கூறியது.

இதை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் எண்ணெய் கட்டாயம் என்று சொல்லிவிட முடியாது. மான்செஸ்டரில் 115 பச்சிளங்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே, எண்ணெய் தடவாத குழந்தைகளில் இயல்பாகச் சீராகும் கொழுப்பு அடுக்கைச் சற்றுத் தாமதப்படுத்தியது தெரிந்தது. 2020இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு இன்னும் பெரியது. 1,394 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு முதல் ஓராண்டு தினமும் ஈரப்பூச்சு தடவிப் பார்த்தார்கள். இரண்டு வயதில் தடவியவர்களில் 23 சதவீதத்துக்கும் தடவாதவர்களில் 25 சதவீதத்துக்கும் கரப்பான் இருந்தது. ஏறக்குறைய ஒன்றுதான். நோய் வராமல் தடுக்க எண்ணெய் உதவாது. வறண்ட தோலுக்கு இதமளிக்கத்தான் அது உதவும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி நம் தென்னைக்கு வருவோம். நாகர்கோவில் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் இன்றும் உருக்கெண்ணெய் காய்ச்சுவார்கள். முற்றிய தேங்காயைத் துருவி, வெந்நீர் தெளித்து, துணியில் பிழிந்து பால் எடுப்பார்கள். அடிகனமான உருளியில் ஊற்றி, அடுப்பைத் தணித்து, கைவிடாமல் கிண்ட வேண்டும். முதல் அரை மணி நேரம் வெறும் பால் கொதிப்பதுபோலத்தான் இருக்கும். பிறகு திரிதிரியாகும். ஓரத்தில் கண்ணாடிபோல எண்ணெய் எட்டிப் பார்க்கும். கசடு வெள்ளையிலிருந்து சந்தன நிறத்துக்கு வரும்போது அடுப்படியே பலகாரம் சுட்ட மாதிரி மணக்கும். நான் பார்த்த அம்மா அந்த நேரத்தில் ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் தோய்த்து விளக்கில் காட்டினார். திரி சடசடவென்று வெடித்தது. "இன்னும் தண்ணி இருக்கு" என்று மறுபடி கிண்டினார். அடுத்த முறை திரி சத்தமில்லாமல் எரிந்தது. உடனே இறக்கிவிட்டார். அந்தத் திரியில் பெரிய அறிவு இருக்கிறது. எண்ணெயில் ஈரம் நின்றால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கெட்டும் போகும். கெட்ட எண்ணெயில் உண்டாகிற பொருள்கள் தோலை உறுத்தும். கசடு கருக விட்டாலும் எண்ணெய் கெடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற பதம்தான் கைப்பக்குவம்.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது நிறைவுற்ற கொழுப்பு, ஆகவே எளிதில் காறிப்போகாது. கரப்பான் தோலில் குடியேறுகிற ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியையும் அது ஓரளவு அடக்கும். பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் தடவிப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. கனிம எண்ணெயைவிடச் சுத்தத் தேங்காயெண்ணெய் நன்றாக வேலை செய்தது. ஆய்வு நடந்தது தென்னையை நம்பி வாழ்கிற நாட்டில் என்பதை மனத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் பாதி குணமான, வெடிப்பில்லாத கரப்பானுக்கு நம் வீட்டு எண்ணெய்களில் நான் முதலில் கை வைப்பது இதில்தான்.

நல்லெண்ணெயில் ஓலிக்கும் லினோலிக்கும் ஏறக்குறைய சரிபாதி, ஒவ்வொன்றும் நாற்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும். சனி, புதனில் ஆண்களும் செவ்வாய், வெள்ளியில் பெண்களும் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஊர் இது. நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்பதைச் சித்தர் தேரையரே விதியாக வைத்தார். நல்ல தோலுள்ள பெரியவர்களுக்கு அந்த வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தோல் வெடித்த குழந்தை என்றால் யோசிக்க வேண்டும். உணவுப் பொருள் வாய் வழியாக முதலில் அறிமுகமாகாமல் வெடித்த தோல் வழியாக அறிமுகமானால், உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்ளக்கூடும். 2003இல் இங்கிலாந்தில் கிடியன் லாக்கின் குழு, வேர்க்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைச் சிசுப் பருவத்தில் தடவிய பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் காணப்படுவதாக எழுதியது. எள்ளும் ஒவ்வாமை தருகிற பொருள்தான். அமெரிக்கா 2021இல் சட்டம் போட்டு அதைப் பெரிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்த்தது. செக்கெண்ணெயில் வித்தின் புரதம் கொஞ்சம் தங்கும், சுத்திகரித்ததில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டியதெல்லாம் மேல் என்ற நம்பிக்கை வெடித்த தோலிடம் செல்லாது. தோல் வெடித்த சிறு பிள்ளைக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய் மூன்றையும் தள்ளியே வையுங்கள். கடுகெண்ணெய் உறைப்பானது, உறுத்தும். விளக்கெண்ணெய் பிசுக்குத் தாங்காது, குதிகால் வெடிப்புக்குச் சரி.

மூலிகைக்கு வரும்போது என் மனம் இரண்டாகப் பிரிகிறது. வெட்பாலைத் தைலம் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓர் அதிசயம். பச்சை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைப்பார்கள். நாள் ஏற ஏறப் பச்சை இலையிலிருந்து கருநீலம் இறங்கி, எண்ணெய் முழுவதும் ஊதாவாகும். அடுப்பு கிடையாது, சூரியன்தான் புடம். சித்த மருத்துவர்கள் சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்கு அதைத் தருகிறார்கள். ஓர் எண்ணெய், ஓர் இலை, பார்த்தே சொல்லக்கூடிய பதம். மருத்துவத் தைலங்களுக்கு மெழுகு பதம், மணல் பதம் என்று கசடை விரலில் உருட்டிப் பார்த்துச் சொல்கிற ஒழுங்கும் உண்டு. அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன்.

ஆனால் இன்று வீட்டு எண்ணெய் என்ற பேரில் சுற்றுவது அந்த ஒழுங்கன்று. கறிவேப்பிலை, செம்பருத்தி, வசம்பு, மஞ்சள், கார்போகரிசி, எலுமிச்சைத் தோல் என்று கிடைத்ததெல்லாம் ஒரே சட்டியில் விழுகிறது. மஞ்சளுக்கும் சிலர் தோல் தடிக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருக்கும். கார்போகரிசியும் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடும் பொருளுள்ளதுதான். பூங்கற்பூரத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் கற்பூரம் கரைத்த எண்ணெயைத் தேய்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குக் கீழே அதை அண்டவே விடாதீர்கள். வேப்பெண்ணெயைச் சிசுக்களுக்கு உள்ளுக்குக் கொடுத்ததால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் பதிவாயின. குழந்தை கையைச் சூப்பும். தடவியது வாய்க்குப் போக அதிக நேரம் ஆகாது.

வாசனைக்காகச் சொட்டுகிற லாவண்டர், தேயிலைமர எண்ணெய்களும் இதே கதைதான். இயற்கையானது என்பதால் தோல் ஏற்றுக்கொள்ளும் என்ற நினைப்பு தவறு. லாவண்டரில் உள்ள லினலூல், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனின் இரண்டும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒவ்வாமைப் பொருளாகின்றன. திறந்து பாதி தீர்ந்த பழைய புட்டி புதியதைவிட மோசம். மென்மையான தோலுக்கு நல்ல எண்ணெய் எண்ணெய் வாசனை மட்டுமே அடிக்க வேண்டும்.

லோஷன் விஷயத்தில் நான் நேராகவே சொல்கிறேன்: வீட்டில் செய்ய வேண்டாம். லோஷன் என்பது தண்ணீரும் எண்ணெயும் பிரியாமல் கட்டிவைத்த கலவை. தண்ணீர் சேர்ந்த இடத்தில் கிருமி வளரும். கற்றாழைச் சோறும் பன்னீரும் அதற்கு நல்ல தீனி. பார்வைக்கும் மூக்குக்கும் எதுவும் தெரியாமலேயே சில நாளில் புட்டி நிறையப் பெருகிவிடும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்கிறார்கள். அது எண்ணெய் காறாமல் பார்த்துக்கொள்ளும், கிருமியைத் தடுக்காது. கிருமியைத் தடுக்கச் சேர்க்கிற ரசாயனங்களும் சும்மாயில்லை. மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பொருளை அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2013இன் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அதே சங்கம் எல்லாரும் பயப்படுகிற பாராபெனை 2019இல் ஒவ்வாமை அரிதான பொருளாக அறிவித்தது. கற்றாழையைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால், மடலை அறுத்து மஞ்சள் பால் முழுதும் வடியும்படி நிறுத்திவைத்து, நன்றாகக் கழுவி, அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். அந்த மஞ்சள் பால்தான் அரிக்க வைப்பது.

லோஷனுக்கு வேண்டிய தண்ணீர் குளித்து முடித்த உடம்பிலேயே இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெயைத் தடவுங்கள். எண்ணெய் தன்பாட்டுக்கு ஈரம் கொடுக்காது, உள்ளதைப் பூட்டி வைக்கும். வறண்ட தோலில் நேராக எண்ணெய் பூசிவிட்டு, பலனில்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஓர் இடத்தில்தான் தவறுகிறார்கள்.

கொஞ்சம் கெட்டியாக வேண்டுமென்றால் தேன்மெழுகுக் களிம்பு செய்யலாம். தண்ணீர் சேராததால் எளிதில் கெடாது. ஒரு பங்கு மெழுகு, ஐந்து பங்கு தேங்காயெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி உருக்குங்கள், நேர் தீயில் வேண்டாம். மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் இளகிவிடும். காய்ந்த டப்பாவில் ஊற்றி ஆறவிட்டால் உறைந்துவிடும். சுத்தம் செய்யாத மெழுகில் ஒட்டியிருக்கும் தேனீப் பிசினுக்குச் சிலர் தோல் தடிக்கும், ஆகவே வடிகட்டிய மெழுகையே வாங்குங்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தோல் வெடித்து இரத்தம் கசிகிற நிலையில் இந்த எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லிதான். 1872இல் காப்புரிமை பெற்ற பழைய பொருள், பூமிக்கடியிலிருந்து வந்தது, இயற்கை எண்ணெய் என்ற பட்டியலில் வராது. மணமில்லை, புரதமில்லை, தண்ணீரில்லை, அதனால் ஒவ்வாமை மிக அரிது. வீட்டு எண்ணெயை நேசிக்கிறவள் நான். ஆனாலும் புண்ணுக்கு இதைத்தான் சொல்வேன்.

எண்ணெயைப் பற்றியே பேசிக் கையை மறந்துவிடுகிறோம். 1986இல் மயாமியில் டிஃப்பனி ஃபீல்டு குழு குறைமாதக் குழந்தைகளை நாளும் வருடிக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை போட்டார்கள். பலனில் தொடுதலுக்கும் பங்கு உண்டு. உள்ளங்கையில் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, மெதுவாக, ஒரே திசையில் வருடினால் போதும். சிவந்த இடத்தின்மேல் அழுத்தித் தேய்க்கவே கூடாது. பாட்டிமார் பச்சைப் பயற்றுமாவு போட்டு உருட்டி உருட்டித் தேய்த்து முடி உதிர்ப்பதும் இந்தத் தோலுக்கு ஆகாது. குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை உடனே நிறுத்த வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கிச் நிமோனியா போன்ற கடும் அழற்சியை உண்டாக்கும். கோடையில் வேர்க்குரு உள்ள உடம்புக்கு எண்ணெய் வேண்டாம். பொடுகு, தேமல் உள்ள இடத்திலும் வேண்டாம், ஏனென்றால் அங்கே இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வாழ்கிறது. எண்ணெய் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும், நம் வீடுகளில் விளக்கும் அடுப்பும் எப்போதும் பக்கத்திலேயே இருக்கின்றன.

புதிதாக எதைச் செய்தாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்புக்குக் கீழே ஓர் ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தடவிப் பாருங்கள். நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள். ஒருநாள் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு கட்டக் கூடாது, ஒவ்வாமை தலைகாட்ட இரண்டு மூன்று நாள் ஆகும். எங்கள் குழந்தைக்கு நான்காம் நாள்தான் தடித்தது. ஒரே நேரத்தில் ஒரே ஒரு எண்ணெய், அது ஒத்துக்கொண்டால் அதோடு நிறுத்துங்கள். ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு, நூறு மில்லி, அதற்குமேல் செய்யாதீர்கள். செம்பும் இரும்பும் எண்ணெயைச் சீக்கிரம் காறவைக்கும். வாய் குறுகிய கண்ணாடிப் புட்டியில், இருட்டில் வையுங்கள்.

நீர் கசிந்தால், பொன்னிறப் பொருக்குத் தட்டினால், காய்ச்சல் வந்தால் எந்த எண்ணெயும் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்போது புட்டியையும் எடுத்துப் போங்கள். அதன்மேல் உள்ளே இருப்பதன் பெயரும் காய்ச்சிய தேதியும் எழுதி ஒட்டியிருக்கட்டும்.